பிழையைச் சொல்வது யார்? ஜேர்மன் கற்கச் செயலியா, வகுப்பா, இணையவழி ஆசிரியரா

என் தமக்கையின் மகள், எங்கள் வழக்கில் என் பெறாமகள், சென்ற ஆண்டு வவுனியாவிலிருந்து வெள்ளவத்தையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அவள் 112 நாட்கள் ஒரு நாளும் தவறாமல் ஜேர்மன் பயின்றிருப்பதாகக் கைபேசிச் செயலி காட்டியது. ஜேர்மனியில் வேலை செய்யும் கணவனிடம் போய்ச் சேர்வதற்கு அவள் அம்மொழியின் முதற்படியாகிய ஏ1 தேர்வில் சித்தியடைய வேண்டும். வாழ்க்கைத்துணையாக வந்து குடியேறுவோரிடம், சில விதிவிலக்குகள் நீங்கலாக, அந்த நாடு 2007 ஆம் ஆண்டு முதல் இதைக் கேட்டு வருகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் வகுப்புக்குப் போய் ஓரளவு ஜேர்மன் கற்றவள் என்ற உரிமையில், அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு, பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும்படி அவளிடம் ஜேர்மனில் கேட்டேன். கேள்வி விளங்கியது என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் முதலாவது உயிரெழுத்திலேயே ஆங்கில ஒலிக்குப் போய், தடுமாறி நின்றுவிட்டாள்.

அவள் சோம்பேறி அல்லள். செயலியும் பொய் சொல்லவில்லை. 112 நாட்களில் எந்தவொரு நாளிலும் தன் பெயரை வாய்விட்டு எழுத்துக்கூட்டும்படி அவளை எவரும் கேட்டிருக்கவில்லை, அவ்வளவுதான். தேர்வுக்கு ஏறத்தாழ ஆறு மாதங்கள் இருந்தன. கையிலிருந்த பணத்துக்கு எல்லை இருந்தது. செயலியைத் தொடர்வதா, கறுவாத்தோட்டத்திலுள்ள ஜேர்மன் பண்பாட்டு நிலையமாகிய கோத்தே நிறுவனத்துக்கு வகுப்புக்குப் போவதா, காலி வீதியை அண்டியுள்ள தனியார் வகுப்பொன்றில் சேர்வதா, இணையவழியாகத் தனி ஆசிரியர் ஒருவரைப் பிடிப்பதா, இப்போது எல்லோரும் பேசும் செயற்கை நுண்ணறிவு உரையாடியை நம்புவதா என்ற கேள்வியை அடுத்த சில நாட்கள் வீட்டில் விவாதித்தோம். ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு கட்சி இருந்தது. விலையையும் வசதியையும் மட்டும் வைத்து ஒப்பிட்டால் விவாதம் முடியாது என்று கண்டபின், நான் இரண்டு கேள்விகளை முன்வைத்தேன். கற்பவள் ஒரு பிழை விட்டால் அதை அவளுக்குச் சொல்வது யார், எவ்வளவு விரைவில் சொல்கிறார் என்பது ஒன்று. அந்த விளக்கம் எந்த மொழியின் வழியாக வந்து சேர்கிறது என்பது மற்றையது. விலை, தூரம், நேரம் ஆகியன இவற்றுக்குப் பின்னரே வரவேண்டும் என்பது அன்றும் இன்றும் என் கருத்து.

தேர்வு எதைக் கேட்கிறது என்பதை முதலில் பார்த்தோம். பலர் இதைக் கடைசியிலேயே பார்க்கிறார்கள். கோத்தே நிறுவனத்தின் ஏ1 தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளிகள். சித்தியடைய 100 இல் 60 புள்ளிகள் வேண்டும். கேட்டலில் ஒலிபெருக்கி அறிவித்தல்கள் ஒரு முறை மட்டுமே ஒலிக்கும். எழுதுதலில் ஒரு படிவத்தின் விடுபட்ட இடங்களை நிரப்பி, ஏறத்தாழ 30 சொற்களில் ஒரு சிறு கடிதம் எழுத வேண்டும். பேசுதல், தேர்வெழுதும் வேறு சிலருடன் குழுவாக அமர்ந்து நடப்பது: தன்னை அறிமுகம் செய்வது, ஒரு சொல்லை எழுத்துக்கூட்டுவது, ஓர் எண்ணைச் சொல்வது, அட்டையில் உள்ள சொல்லை வைத்துப் பக்கத்திலிருப்பவரிடம் ஒரு கேள்வி கேட்பது, ஒன்றைத் தரும்படி வேண்டுவது. இங்கே ஒரு எளிய கணக்கு இருக்கிறது. கேட்டலிலும் வாசித்தலிலும் ஒருவர் முழுப் புள்ளி பெற்றாலும் மொத்தம் 50 தான் வரும். தானாகவே ஒரு வசனத்தை உண்டாக்கும் திறன் இல்லாமல் மிகுதிப் பத்துப் புள்ளி எங்கிருந்தும் வராது.

அடுத்தது நேரம். ஏ1 நிலையை எட்டுவதற்கு, முன்னறிவைப் பொறுத்து, 45 நிமிடப் பாடங்கள் 80 முதல் 200 வரை தேவைப்படும் என்பது கோத்தே நிறுவனத்தின் மதிப்பீடு. அதாவது 60 முதல் 150 மணித்தியாலங்கள். நாளொன்றுக்குப் பத்து நிமிடம் என்று 112 நாட்கள் பயின்றால் சேர்வது 19 மணித்தியாலத்துக்கும் குறைவு. அதே வேகத்தில் 150 மணித்தியாலத்தைத் தொட இரண்டரை ஆண்டு ஆகும். செயலியின் தொடர்கணக்கு ஒரு பழக்கத்தை அளக்கிறது. அதைக் கல்வியின் அளவென்று எண்ணியதே வவுனியாவில் நடந்த தவறு. அந்தத் தவறை என் தமக்கையும் சேர்ந்தே செய்தாள், ஏனென்றால் மகள் ஒவ்வொரு இரவும் கைபேசியோடு அமர்ந்திருந்ததைப் பார்த்து நிம்மதியாக இருந்தவள் அவள்தான்.

செயலிகளை இதற்காக ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. அவள் வைத்திருந்த டுவோலிங்கோ என்ற செயலி 2012 இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது முதல், பணம் கொடுக்க முடியாத பல கோடிப் பேர் ஒரு மொழியை எட்டிப் பார்ப்பதற்கு வாசலாக இருந்திருக்கிறது. 2025 ஏப்ரலில் செயற்கை நுண்ணறிவின் துணையுடன் ஒரே தடவையில் 148 புதிய பாடநெறிகளை அது வெளியிட்டது. பிழையைச் சொல்லும் வேகத்தில் எந்த ஆசிரியரும் அதற்கு ஈடில்லை. விரல் எடுக்குமுன் சிவப்பு விழுந்துவிடும். ஆனால் அது தான் கேட்ட கேள்விக்குள் அகப்படும் பிழையை மட்டுமே காணும். நான்கு சொற்களை முன்னே போட்டு ஒழுங்குபடுத்தச் சொல்லும்போது, அந்த நான்கு சொற்களும் நினைவுக்கு வருமா என்ற சோதனையே அங்கு நடப்பதில்லை. சொல்லை அடையாளம் காண்பதும் சொல்லைத் தேடி எடுப்பதும் வெவ்வேறு வேலைகள். தேர்வறையில் கேட்கப்படுவது இரண்டாவது.

தேடி எடுக்கும் பயிற்சிக்கு வேறொரு வகைச் செயலி உண்டு. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மன் அறிஞர் 1885 இல் வெளியிட்ட ஆய்வில், பொருளற்ற அசைகளைத் தானே மனனம் செய்து, அவை எவ்வளவு காலத்தில் மறந்துபோகின்றன என்று அளந்து காட்டினார். முதலில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் மறதி நிகழ்கிறது என்பதால், மறக்கப்போகும் தறுவாயில் மீட்டினால் அடுத்த மறதி தள்ளிப்போகிறது. 1970களில் செபஸ்டியன் லைட்னர் இதை அட்டைகளும் தட்டுகளும் கொண்ட ஒரு பெட்டியாக்கினார்: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த தட்டுக்குப் போகும், தவறினால் முதலாம் தட்டுக்கு மீளும். 2006 இல் வெளிவந்த ஆங்கி என்ற மென்பொருள் அந்தப் பெட்டியின் வேலையைக் கணினிக்குக் கொடுத்தது. கணினியிலும் அண்ட்ரொய்ட் கைபேசியிலும் அது இலவசம், ஐபோனில் மட்டும் ஒருமுறை பணம் செலுத்த வேண்டும். பார்வைக்கு அழகே இல்லாத, விளையாட்டுக் காட்டாத செயலி அது. எங்கள் வீட்டில் மிகுந்த பயன் தந்த தொழில்நுட்பம் எதுவென்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது: அட்டைகளை அவளே ஆக்க வேண்டும். முன்பக்கம் தமிழில் "மேசை". பின்பக்கம் அதன் ஜேர்மன் சொல், ஆண்பால் என்பதற்கு நீல நிறத்தில். தமிழில் பாற்பாகுபாடு பொருளைப் பின்பற்றுவது. அஃறிணைப் பொருளுக்கு ஆண், பெண் என்ற பேச்சே இல்லை. ஜேர்மனிலோ மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், சிறுமி என்ற சொல் ஒன்றன்பால். இதில் விளங்கிக்கொள்வதற்கு அதிகம் இல்லை, பழகுவதற்கே நிறைய உண்டு; பழக்குவதற்கு இயந்திரம் மனிதரை விடப் பொறுமையானது. எண்களும் அப்படித்தான். தமிழில் இருபத்தொன்று என்று பத்தை முதலில் சொல்கிறோம். ஜேர்மனில் "ஒன்றும் இருபதும்" என்று ஒன்றை முதலில் சொல்வார்கள். தொலைபேசி இலக்கத்தையும் பயணச்சீட்டு விலையையும் கேட்ட மாத்திரத்தில் எழுதும் பயிற்சியைத் தினமும் பத்து நிமிடம் ஒலிப்பதிவோடு செய்வதற்கு எந்த ஆசிரியருக்கும் பணம் கொடுக்கத் தேவையில்லை.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அவளுடைய செயலி ஜேர்மனை ஆங்கிலத்தின் வழியாகக் கற்பித்தது. இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான பாடங்களும் அவ்வாறே. வவுனியாவில் தமிழ் மொழிமூலம் உயர்தரம் வரை படித்த ஒருத்திக்கு இது இரட்டைச் சுமை என்பது வெளிப்படை. வெளிப்படையாகத் தெரியாதது, ஆங்கிலத்தைச் சுற்றிப் போவதால் தமிழ் தரக்கூடிய உதவியையும் அவள் இழந்தாள் என்பது. எழுத்துக்கூட்டலில் அவள் தடுமாறியதையே எடுத்துக்கொள்வோம். ஜேர்மன் நெடுங்கணக்கின் ஐந்து உயிரெழுத்துகளின் பெயர்கள் ஆ, ஏ, ஈ, ஓ, ஊ. நம் அரிச்சுவடியில் உள்ள ஒலிகளே அவை. ஆங்கிலத்தில் இவற்றுள் முதல் மூன்றுக்கும் ஏ, ஈ, ஐ என்று பெயர். ஆங்கிலத்தை மறந்துவிட்டு அரிச்சுவடியை நினைத்துக்கொள் என்று சொன்னதும், மறுநாள் காலையில் அவள் தன் பெயரைத் தடையின்றி எழுத்துக்கூட்டினாள்.

வேற்றுமையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஆங்கிலம் வழியாகக் கற்பவர்களுக்கு ஜேர்மன் வேற்றுமைகள் பெருந்தலையிடி, ஏனென்றால் ஆங்கிலத்தில் வேற்றுமை உருபுகள் ஏறத்தாழ மறைந்துவிட்டன. எட்டு வேற்றுமைகளைப் பாடசாலையில் ஒப்புவித்த நமக்கு நான்கு வேற்றுமைகள் என்ன பெரிய காரியம்? "எனக்கு உதவு" என்று நாம் குவ்வுருபு போட்டுச் சொல்வது போலவே ஜேர்மனிலும் "ஹில்ஃப் மியர்" என்று, "எனக்கு" என்ற வடிவத்தோடு சொல்ல வேண்டும். உதவுதல் என்ற வினைக்கு அங்கும் இங்கும் ஒரே விதி. "எனக்குக் குளிர்கிறது" என்பது "மியர் இஸ்ட் கால்ட்". "எனக்குப் பிடித்திருக்கிறது" என்பதிலும் அதே "மியர்". ஆங்கிலத்தில் இந்த மூன்றும் மூன்று விதமாகப் பிரிந்துபோவதால், ஆங்கில வழிப் பாடம் இவற்றை விதிவிலக்குகளாக ஒரு பட்டியலிட்டு மனனம் செய்யச் சொல்கிறது. தமிழ்ப் பிள்ளைக்கு இவை விதிவிலக்குகளே அல்ல. காரணம் சொல்லும் துணைவாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போவதும் அப்படியே: "நான் கொழும்பில் வசிப்பதால்" என்று நாம் முடிப்பது போலவே அவர்களும் "வசிக்கிறேன்" என்பதில் கொண்டுபோய் முடிக்கிறார்கள். கொழும்பில் இதற்கு ஒரு கிளைக்கதையும் உண்டு. இங்குள்ள தனியார் வகுப்புகளில் விளக்கம் பெரும்பாலும் சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில் நடக்கும். குளிருக்கு "எனக்கு" என்ற வடிவம் வரும் வழக்கு சிங்களத்திலும் இருப்பதால், இந்த இடத்தில் மட்டும், ஓரளவு சிங்களம் தெரிந்த தமிழ் மாணவி ஆங்கில விளக்கத்தை விடச் சிங்கள விளக்கத்தால் விரைவில் தெளிவு பெறுவாள்.

தமிழ் வழியாகக் கிடைப்பவற்றுள் யூடியூப் காணொளிகளைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. தமிழகத்திலிருந்தும் புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்தும் பலர் நன்றாக விளக்குகிறார்கள்; சிலர் ஜேர்மன் வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டுகிறார்கள், இக்கட்டுரையில் நான் செய்வதைப் போல. வாசகருக்கு ஒரு கருத்தை விளக்க அது போதும், கற்பவருக்குக் கேடு. வெதுப்புதல் என்ற வினையும் பொதிதல் என்ற வினையும் ஜேர்மனில் முதல் மெய்யொலியில் மட்டும் வேறுபடுகின்றன. தமிழில் எழுதினால் இரண்டும் "பாக்கன்". ஜேர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டொய்ச்ச வெல்ல, தொடக்க நிலை முதல் மூன்றாம் படியாகிய பி1 வரை காணொளிகளும் பயிற்சிகளும் கொண்ட முழுப் பாடநெறியை இலவசமாக வைத்திருக்கிறது. கேட்டலுக்கு அதை விடச் சிறந்த இலவசப் பொருளை நான் காணவில்லை. ஆனால் காணொளி எதுவாயினும், அது பேசும், நாம் கேட்போம். நம் பிழை அதற்குத் தெரியப்போவதில்லை.

செயற்கை நுண்ணறிவு உரையாடியைப் பற்றி வீட்டில் எழுந்த கருத்து வேறுபாடுதான் மிகப் பெரியது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல் இந்தத் துறையில் உண்மையாகவே ஒரு புதிய வசதி வந்திருக்கிறது என்று நான் ஏற்கிறேன்: சாமம் பன்னிரண்டு மணிக்கும் ஒரு 30 சொற் கடிதத்தைத் திருத்தித் தந்து, ஏன் திருத்தினேன் என்று தமிழிலேயே சொல்லக்கூடிய ஒன்று முன்னர் இருந்ததில்லை. ஏ1 நிலைக் கடிதத்தில் வரும் பிழைகளை அது பெரும்பாலும் சரியாகவே பிடித்தது. எனினும் விளக்கங்களை நான் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டியிருந்தது. ஓரிடத்தில் "நான்காம் வேற்றுமை" என்று சொல்லிவிட்டு, இரண்டாம் வேற்றுமைக்குரிய வடிவத்தைக் காட்டியது. இது வெறும் தடுமாற்றம் அல்ல, காரணம் உள்ள தடுமாற்றம். ஜேர்மன் இலக்கண மரபு தன் வேற்றுமைகளை எண்ணிடும்போது குவ்வுருபின் வேற்றுமையை மூன்றாவது என்றும், ஐயுருபின் வேற்றுமையை நான்காவது என்றும் சொல்கிறது. நமக்கு "ஐ" இரண்டாவது, "கு" நான்காவது. இரண்டு மரபுகளின் எண்களையும் கலந்துவிட்ட விளக்கம் நல்ல தமிழில், நம்பிக்கையோடு வந்து விழும்போது, புதிதாகக் கற்பவள் அதை எப்படிச் சந்தேகிப்பாள்? அன்றிலிருந்து எண்ணைச் சொல்லாமல் உருபைச் சொல்லும்படி அதனிடம் கேட்பது என்று வைத்துக்கொண்டோம்.

பேச்சில் அதன் குறை வேறு. வாய்மொழி உரையாடலில் அது மிக நல்ல கேட்பவர், தேவைக்கு மேல் நல்லவர். அவள் "ஃபுன்ஃப்" என்றாலும் "ஃபின்ஃப்" என்றாலும், இடத்தை வைத்து ஐந்து என்று ஊகித்துக்கொண்டு உரையாடலைத் தொடர்ந்தது. உண்மையில் வேண்டிய ஒலி, "ஈ" சொல்வதற்கு நாக்கை வைத்துக்கொண்டு "ஊ" சொல்வதற்கு இதழைக் குவித்தால் வருவது. இதை ஒரு மனிதர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, இதழைக் காட்டி, இரண்டு நிமிடத்தில் திருத்தினார். ஊகித்துக்கொள்ளும் இயந்திரத்துக்கு அந்தப் பிழை பிழையாகவே தென்படவில்லை. அதைவிட, "மிக அருமை" என்ற பாராட்டு ஒவ்வொரு பதிலின் தொடக்கத்திலும் வந்தது எனக்கு எரிச்சலூட்டியது. பாராட்டாமல் பிழைகளை மட்டும் எண்ணிச் சொல் என்று கட்டளையிட்ட பின் பயன் கூடியது.

நேரடி வகுப்புகளுள், கிரெகரி வீதியில் இருக்கும் கோத்தே நிறுவனத்தின் வகுப்பு பலருடைய முதல் விருப்பம். தேர்வை நடத்தும் இடமே கற்பிக்கும் இடமாகவும் இருப்பது அதன் பெரும் பலம். வெள்ளவத்தையிலிருந்து அது அதிகத் தூரமில்லை. ஆனால் பாடநெறிகள் குறித்த தவணைகளில் தொடங்குபவை. எங்கள் ஆறு மாதத்துக்குள் அந்த நாட்காட்டி பொருந்தவில்லை. கட்டணமும் எங்களுக்கு ஒரேயடியாகக் கொடுக்கக் கடினமாக இருந்தது. நாட்காட்டியும் பணமும் பொருந்துபவர்களுக்கு நான் வேறெதையும் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் குழுவாக அமர்ந்து தேர்வெழுதும் பிள்ளைக்கு, குழுவாக அமர்ந்து பயில்வதற்கு நிகரான பயிற்சி வேறில்லை.

தனியார் வகுப்பொன்றில் அவளை ஒரு மாதம் சேர்த்துப் பார்த்தோம். பெயர் வேண்டாம். மண்டபத்தில் நாற்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். ஆசிரியர் திறமையானவர், ஒலிவாங்கியில் பேசினார், பலகை முழுவதும் இலக்கணம் நிரம்பியது. நான்கு வாரத்தில் அவள் வாய் திறந்து பேசிய வாக்கியங்கள் எத்தனை என்று கேட்டேன். மூன்று என்றாள், அவற்றில் ஒன்று "எனக்கு விளங்கவில்லை" என்பது. நேரடி வகுப்பு என்றால் மனிதத் தொடர்பு, செயலி என்றால் தனிமை என்று பிரித்துப் பேசுவது நம் வழக்கம். அந்த மண்டபத்தில் இருந்த தனிமை எந்தச் செயலியிலும் இல்லை. சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் ஆயிரம் பேருக்கு ஒரே ஆசிரியர் கற்பிக்கும் முறைக்குப் பழகிப்போனதால், மொழிக்கும் அதுவே ஏற்றது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம்.

மிஞ்சியது இணையவழித் தனி ஆசிரியர். இதற்குள்ளும் தேர்வு செய்ய வேண்டியிருந்தது. உலகெங்கும் உள்ள ஆசிரியர்களை மணிக்கணக்கில் அமர்த்தித் தரும் தளங்கள் டொலரில் கணக்கிடுகின்றன; 2022 இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 350 ஐத் தாண்டியதைக் கண்ட குடும்பம், ஆறு மாதச் செலவை டொலரில் ஒப்புக்கொள்ளத் தயங்குவது இயல்பு. ஜேர்மனியிலிருக்கும் உறவினர்கள் இலவசமாகக் கற்பிக்க முன்வந்தார்கள். அவர்களுக்கும் நமக்கும் குளிர்காலத்தில் நாலரை மணித்தியால வேறுபாடு, கோடையில் மூன்றரை. அங்கு வேலை முடிந்து வீடு திரும்பி வட்ஸ்அப்பில் அழைக்கும் நேரம் இங்கு நித்திரைக்குப் போகும் நேரம். சுவிற்சர்லாந்தில் இருக்கும் சிற்றப்பா ஒருவரின் உற்சாகம் எல்லோரையும் மிஞ்சியது, ஆனால் அவர் நாளாந்தம் பேசுவது சூரிச் வட்டாரத்து ஜேர்மன். தேர்வில் கேட்பதோ எழுத்து வழக்குக்கு நெருங்கிய பொது ஜேர்மன். நம் யாழ்ப்பாணத்துப் பேச்சை வைத்து ஒரு வெளிநாட்டவர் தமிழ்த் தேர்வெழுதப் போவதை எண்ணிப் பார்த்தால் சிக்கல் விளங்கும். கணவன் கற்பிப்பதைப் பற்றி ஒரு வரி போதும்: மூன்றாவது பாடத்தில் சண்டை வந்தது.

இறுதியில், யாழ்ப்பாணத்திலிருந்து சூம் வழியாகக் கற்பிக்கும் ஓர் ஆசிரியையை, ரூபாய்க் கட்டணத்தில், வாரத்துக்கு இரண்டு முறை, வேறு இரு மாணவிகளோடு சேர்த்து ஒழுங்கு செய்தோம். மூவர் என்பது தற்செயலாக அமைந்த எண். பின்னர்தான் அதன் அருமை தெரிந்தது. அட்டையை எடுத்துக் கேள்வி கேட்கவும், இன்னொருவர் பதில் சொல்லவும், மூன்றாமவர் கேட்டுக்கொண்டிருக்கவும் அது போதுமான குழு. விளக்கம் தமிழில் வந்தது. பிழை அதே கணத்தில், ஒரு மனிதக் குரலில், சில வேளை சற்றுக் கோபத்தோடு வந்தது. கைபேசியின் ஒலிபெருக்கியில் கேட்டால் "ஸ்", "ஷ்", "ஃப்" ஆகியன ஒன்றோடொன்று கலந்துவிடுவதால், ஒலிவாங்கியோடு கூடிய காதொலிப்பான் ஒன்று வாங்கினோம். ஆறு மாதத்தில் தொழில்நுட்பத்துக்காக நாங்கள் செய்த ஒரே செலவு அதுதான்.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது கொழும்பு. 2022 இன் நீண்ட மின்வெட்டுகள் இப்போது இல்லையென்றாலும், 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் இருண்டதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆங்கி அட்டைகளும், முன்கூட்டியே தரவிறக்கிய ஒலிப்பதிவுகளும் இணையமின்றி இயங்கும். உரையாடியும் சூமும் இயங்கா. ஒப்பிடும்போது இதையும் ஒரு வரியாக எழுதிவைத்தோம், ஆனால் முடிவை அது மாற்றவில்லை.

நாங்கள் வகுத்த நாள் இப்படி அமைந்தது. காலையில் அரை மணி நேரம் அட்டைகளும் எண்களும். பிற்பகலில் நாற்பது நிமிடம் டொய்ச்ச வெல்லக் காணொளி, அல்லது கோத்தே நிறுவனம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் மாதிரி வினாத்தாள். இரவில் ஒரு கடிதம். அதை உரையாடி திருத்தும், திருத்தியதை அவள் கையால் மீண்டும் எழுதுவாள், சந்தேகத்துக்குரிய விளக்கங்களைக் குறித்துவைத்து அடுத்த சூம் வகுப்பில் ஆசிரியையிடம் கேட்பாள். செவ்வாயும் சனியும் வகுப்பு. இயந்திரம் செய்யக்கூடியதை ஆசிரியையைக் கொண்டு செய்விக்காததால், வாரத்துக்கு மூன்று மணித்தியாலம் மட்டுமே கிடைத்த அவருடைய நேரம் முழுவதும் பேச்சுக்கே போனது. டுவோலிங்கோவை அவள் விடவில்லை. காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ்ஸில் போகும்போது இன்னமும் தட்டிக்கொண்டிருக்கிறாள். அதைப் படிப்பு நேரத்தில் சேர்ப்பதில்லை என்பதே எங்களுக்கிடையிலான உடன்படிக்கை.

வேறு மொழிகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஜப்பானிய மொழியோ கொரிய மொழியோ கற்பவர்களுக்கு வாக்கிய அமைப்பு தமிழோடு இன்னும் நெருக்கமானது. வினை கடைசியில், உருபு பெயருக்குப் பின்னால். ஆகவே தமிழ் வழி விளக்கத்துக்கு அங்கே மதிப்புக் கூடுதல். ஆனால் எழுத்து முறைக்கான உழைப்பும் கூடுவதால், அட்டைச் செயலிக்கு ஒதுக்கும் நேரம் இரட்டிப்பாக வேண்டும். பிரெஞ்சு கற்பவர்களுக்கு எழுத்தும் ஒலியும் விலகி நிற்பதால், மனித ஆசிரியரை முதல் வாரத்திலேயே பிடிப்பது நல்லது.

ஜேர்மனுக்கும் அதையே செய்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். தனியார் மண்டபத்தில் ஒரு மாதம், யோசனையில் ஒரு மாதம் என்று இரண்டு மாதங்கள் கழிந்த பின்னரே ஆசிரியை வந்தார்; அதற்குள் "ஃபின்ஃப்" என்ற ஒலி பெறாமகளின் நாவில் நன்றாகக் குடியேறியிருந்தது. அவள் சித்தியடைந்தாள், பேசுதலில் பெற்ற புள்ளியை விட எழுதுதலில் பெற்றது கூட. அடுத்து அவளுடைய நாத்தனார் இதே தேர்வுக்குக் கொழும்புக்கு வரப்போகிறாள். அவளுக்கு முதல் நாள் காலையில் அரிச்சுவடி உயிரெழுத்துகள், அன்று மாலையே ஆசிரியையோடு சூம், செயலிகள் இரண்டாம் வாரத்திலிருந்து என்று எழுதி வைத்திருக்கிறேன். காதொலிப்பான் ஏற்கெனவே இருக்கிறது.